கடைசிப் பல்லுக்குப் பின்னால்

மௌனத்தில் ஏதோ தட்டுகிறது என்று ஒலிப்பதிவாளர் சொன்னபோது அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. பின்னே என்ன? இருபது வருஷமாக "நிசப்தம், நிசப்தம்" என்று கத்திக் கத்தியே அந்தக் கட்டடம் முழுக்க 'நிசப்தம்' என்று பேர் வாங்கிய மனுஷன் அவர். மின்விசிறி நின்ற பிறகும் அதன் சத்தம் நிற்கவில்லை என்று மின்சார வேலைக்காரரோடு மல்லுக்கு நிற்கிற ஆள். அவர் காதில் எதுதான் விழாது?

அவள் புத்தகம் வாசிக்கிறவள். கண்ணால் படிக்க முடியாதவர்களுக்கும் நேரமில்லாதவர்களுக்குமாகப் புத்தகங்களை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாய்விட்டுப் படித்துப் பதிவு செய்து தருவது அவள் பிழைப்பு. பதினோரு வருஷத்தில் நாற்பத்து மூன்று புத்தகங்கள். நாற்பத்து நாலாவது அன்றுதான் தொடங்கியது. அறுநூற்று நாற்பது பக்கம், தலையணைக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு புத்தகத்துக்கும் முதல் நாள் நிசப்தத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. அவளை நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு வார்த்தை பேசாமல், ஒரு நிமிஷத்தை அப்படியே பதிவு செய்துகொள்வார். காலி அறையின் மௌனம் வேறு, ஆள் இருக்கிற அறையின் மௌனம் வேறு என்பது அவர் கட்சி. பிறகு அவள் எங்கே எச்சில் விழுங்கினாலும் எங்கே காகிதம் சலசலத்தாலும், வாக்கியங்களுக்கு நடுவிலுள்ள அந்த இடங்களை வெட்டி எடுத்துவிட்டு, இந்த ஒரு நிமிஷத்திலிருந்து துண்டு எடுத்து ஒட்டுப்போட்டுவிடுவார். கிழிந்த சட்டைக்கு அதே துணியில் ஒட்டுப் போடுகிற மாதிரிதான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவர் குரல் வந்தது. "மேடம், பல்லைக் கடிக்கிறீங்களா?"

"இல்லையே அண்ணா."

"டிக் டிக்னு ஒண்ணு கேக்குது. வாட்சைக் கழட்டுங்க."

வாட்சைக் கழற்றினாள். அப்புறம் வளையல், தோடு, கடைசியில் செருப்பு. நாற்காலியை மாற்றினார்கள். அப்போதும் கேட்டது. அவளை வெளியே அனுப்பிவிட்டு வெறும் அறையைப் பதிவு செய்து பார்த்தார். கழுவி வைத்த தட்டு மாதிரி சுத்தமாக இருந்தது. அவள் உள்ளே வந்து உட்கார்ந்தாள். டிக். டிக், டிக்.

நிசப்தம் உள்ளே வந்து மைக்கை அவள் தலையைச் சுற்றி மெல்ல நகர்த்தினார். இடது கன்னத்துக்குப் பக்கத்தில் வந்ததும் நிறுத்தினார். அவர் முகத்தில் இருந்த கிண்டல் போய்விட்டது.

"ஒரு நல்ல பல் டாக்டரைப் பாத்துடுங்க மேடம்" என்றார். "இன்னிக்கு எடுத்த மௌனத்துல சுத்தமா இருக்கிற துண்டை மட்டும் எடுத்து வெச்சிக்கிறேன். ஒட்டுப்போட அது போதும்."

பல் டாக்டரம்மாவின் அறையில் கிராம்பெண்ணெய் வாசனையும் புது ரப்பர் வாசனையும் கலந்து கிடந்தன. ஒரு இயந்திரம் அவள் தலையை ஒரு சுற்று சுற்றிவிட்டு நின்றது. திரையில் அவளுடைய எலும்புச் சிரிப்பு இந்தக் காதிலிருந்து அந்தக் காது வரை விரிந்தது. தன் பற்களைப் பார்க்க யாருக்குத்தான் பிடிக்கும்? அவள் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"இங்க பாருங்க" என்று டாக்டரம்மா பேனாவால் தொட்டார். "கீழ இடது பக்கம், ஞானப்பல். ஈறுக்குள்ளயே சாய்ஞ்சு படுத்திருக்கு. அதைச் சுத்திக் கறுப்பா தெரியுது பாருங்க, அது ஒரு பை. உள்ள நொய்யரிசி மாதிரி வெள்ளை வெள்ளையா இருக்கறதெல்லாம் பொடிப்பல். சிலருக்கு இப்படி வரும். பயப்படாதீங்க."

"எடுக்கணுமா டாக்டர்?"

"அதுதானே கேள்வி! வலி இல்ல, வீக்கம் இல்ல. சும்மா இருக்கறதை எதுக்குக் கிளறணும்னு ஒரு கட்சி. பை பெருசாச்சுன்னா தாடை எலும்பை அரிச்சிடும், இப்பவே எடுத்துடுன்னு ஒரு கட்சி. எனக்கு ரெண்டு பக்கமும் ஓட்டு இருக்கு." பேனா கொஞ்சம் கீழே இறங்கி ஒரு மெல்லிய கோட்டைக் காட்டியது. "இது நரம்பு. வேர் இது மேலயே உக்காந்திருக்கு. எடுக்கும்போது பட்டுட்டா கீழ் உதடு மரத்துப்போகலாம். கொஞ்ச நாளைக்கு, இல்லேன்னா எப்பவுமே. ஆமா, நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

அவள் சொன்னாள். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"அப்ப அவசரப்பட வேண்டாம். வீட்ல பேசி முடிவு பண்ணுங்க. மூணு வாரம் கழிச்சு இன்னொரு படம் எடுத்துப் பாப்போம்."

சத்தத்தைப் பற்றிக் கேட்டாள். தாடை மூட்டில் அப்படி வரும் என்று பதில் வந்தது.

வீட்டில் பேசுவதா? வீட்டில் ஆளுக்கொரு நீதிபதி. வலிக்காத பல்லைக் காசு கொடுத்துப் பிடுங்குவார்களா என்று கணவர் சிரித்தார். "நாப்பது வயசுலயாவது உனக்கு ஞானம் வருதேன்னு நானே சந்தோஷத்துல இருக்கேன், அதைப் போய் எடுக்கறேங்கறே!" அக்காவோ போனிலேயே அலறினாள். அவளுக்கு ஏழு வருஷத்துக்கு முன்னால் இதே பக்கம் இதே பல்லை எடுத்ததில் கீழ் உதட்டில் பாதி இன்னும் அவளுடையதாக இல்லை. காபி வழிந்து புடவையில் சொட்டினால்தான் தெரியும். 'பாப்பா' என்று தங்கையைக் கூப்பிடுவதே அந்த உதட்டில் கொழகொழவென்று பாதியாகத்தான் வரும்.

"எனக்குப் பரவால்லடி, நான் வாயை வெச்சா சம்பாதிக்கிறேன்? நீ அதுல கைய வெக்காத. சொல்லிட்டேன்."

அதற்கப்புறம் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. குட்டி போட்ட பூனை மாதிரி வீட்டுக்குள் நடந்தாள். குளியலறைக் கண்ணாடி முன் நின்று ப, ம, வ என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். உதடு இல்லாமல் இந்த எழுத்தெல்லாம் எப்படி வரும்? காய் நறுக்க உட்கார்ந்தால் பாதியில் எழுந்தாள். பேருந்தில் இடம் கிடைத்தும் நின்றுகொண்டே போனாள். நாக்கு மட்டும் ஓயாமல் அங்கேயே போய் நின்றது, கடைசிப் பல்லுக்குப் பின்னால், வழுவழுவென்றிருந்த அந்த ஈற்றின் மேல். அங்கே எதுவும் இல்லை. மற்ற இடத்தைவிட கொஞ்சம் சூடாக இருந்தது, அவ்வளவுதான்.

எடுத்துவிடலாம் என்று காலையில் நினைப்பாள். மத்தியானம் மைக் முன்னால் உட்கார்ந்து, குரல் தண்ணீர் மாதிரி ஓடத் தொடங்கியதும், ஐயோ இதைப் போய் யாராவது பணயம் வைப்பார்களா என்று தோன்றும்.

வாசிப்பும் அப்படி அமைந்திருந்தது. பத்து அத்தியாயம், பன்னிரண்டு அத்தியாயம் என்று தங்கு தடையில்லாமல் போயிற்று. உங்கள் குரலுக்கு என்ன ஆயிற்று, இவ்வளவு நன்றாக இருக்கிறதே என்று பதிப்பாளரம்மா போன் செய்து கேட்டார். அந்தச் சந்தோஷம் ஒரு நாள் கூட முழுசாக நிற்கவில்லை. வாசித்து முடித்து வாயை மூடிய பிறகும், உள்ளே, தாடையின் ஆழத்தில், மிக மெல்லிய ஒரு முயற்சி நடந்துகொண்டிருந்தது. வலி இல்லை. அரிப்பும் இல்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கிற குழந்தையின் உதடு அசைவது போல ஒன்று.

மூன்றாவது வாரம் புதன்கிழமை மத்தியானம் நிசப்தம் அவளைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்த தன் அறைக்குக் கூப்பிட்டார். அங்கே அவர் யாரையும் உட்காரவைத்ததில்லை.

"ஒரு தப்பு நடந்துபோச்சு மேடம். என் தப்புதான்."

நடந்தது இதுதான். முதல் நாள் சேமித்த சுத்தமான மௌனத் துண்டை வைத்து எல்லா அத்தியாயத்திலும் எல்லா இடைவெளியையும் அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒட்டிக்கொண்டே போயிருக்கிறார். அந்த இடைவெளிகளில் உண்மையில் என்ன பதிவாகியிருந்தது என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. மூன்று வாரமாக அவள் வாக்கியங்களுக்கு நடுவே என்ன இருந்ததென்று உலகத்தில் யாருக்கும் தெரியாது. நேற்று ஒரு அத்தியாயம் கெட்டுப்போனதால் ஒட்டாத மூலப் பதிவைத் திறந்திருக்கிறார்.

"சத்தத்தை நல்லா ஏத்தி வெச்சிருக்கேன். பயந்துடாதீங்க" என்று ஹெட்போனை நீட்டினார்.

முதல் அத்தியாயம். அவள் குரல் ஒரு வாக்கியத்தை முடித்தது. இடைவெளி. டிக், டிக். அடுத்த வாக்கியம்.

ஐந்தாவது அத்தியாயம். "மழை விட்டபோது கதவு திறந்திருந்தது" என்று அவள் வாசித்தாள். இடைவெளியில் டிக் டிக் என்று பத்துப் பன்னிரண்டு தட்டல். அவள் விரலால் மேஜையில் எண்ணினாள். வாக்கியத்தின் ஏற்ற இறக்கம் அப்படியே அதில் இருந்தது. எங்கே அவள் நிறுத்தினாளோ அங்கே அதுவும் நிறுத்தியது.

ஒன்பதாவது அத்தியாயம். தட்டல் இல்லை. காற்று. ஈரமான சின்னக் காற்று. குரல் இல்லாத வெறும் ப, வெறும் ட, வெறும் க.

பதின்மூன்றாவது அத்தியாயத்தில் குரல் வந்துவிட்டது. அவளுடைய குரல்தான். ஊசிமுனை அளவுக்குச் சின்னதாக, அவள் வாசித்து முடித்ததை அவளுக்குப் பின்னால் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் ஹெட்போனைக் கழற்றி வீசினாள். "எதிரொலிதானே அண்ணா? பழைய கேபிள்... ஏதோ ஒண்ணு... அதுதானே?"

"நானும் அப்படித்தான் நெனச்சேன்." நிசப்தம் அவளைப் பார்க்கவில்லை. "நேத்து பதிவு பண்ணதைக் கேட்டேன் மேடம். அதுல அது முதல்ல சொல்லுது. அப்புறம் நீங்க சொல்றீங்க." கொஞ்ச நேரம் ஹெட்போன் வயரைச் சுற்றிச் சுற்றி வைத்தார். "எதிரொலி பின்னால வரும். முன்னால வராது."

வீட்டுக்கு எப்படி வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. சாயங்கால வெயில் சமையலறைத் தரையில் விழுந்து கிடந்தது. உப்புத் தண்ணீர் கலந்து வாய் நிறைய ஊற்றிக்கொண்டு, தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏதாவது செய்யவேண்டும் போலிருந்தது, அதுதான் கைக்கு எட்டியது. கூடத்திலிருந்து கணவர் குரல் கொடுத்தார்.

"ஏம்மா, நாளைக்கு டாக்டர்கிட்ட போறியா?"

"இல்லீங்க. போகலை."

பளிச்சென்று, சுத்தமாக, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக.

"நல்லதாப் போச்சு" என்றார் அவர்.

அவள் அசையவில்லை. வாய் நிறையத் தண்ணீர் இருந்தது. உதடு இறுக மூடியிருந்தது. ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

மறுநாள் காலை முதல் ஆளாக டாக்டரம்மாவின் வாசலில் நின்றாள். கணவரையும் கையைப் பிடித்து இழுத்து வந்திருந்தாள். வழியெல்லாம் அவள் வாயே திறக்கவில்லை. உதட்டை உள்ளுக்கு மடித்துப் பல்லால் கடித்துக்கொண்டு, அவர் கேட்டதற்கு எழுதிக் காட்டினாள். பல்வலி போலிருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டார், பாவம்.

இயந்திரத்தின் பிளாஸ்டிக் முனையைக் கடித்துக்கொண்டு மூச்சைப் பிடித்து நின்றாள். அது ஒரு சுற்று சுற்றியது.

டாக்டரம்மா திரையைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். "அசையாம நிக்கச் சொன்னேன்ல?"

படத்தில் எல்லாப் பற்களும் கத்தியால் வெட்டியது போலத் துல்லியமாக இருந்தன. தாடை எலும்பு துல்லியம். நரம்பின் கோடு துல்லியம். பை மட்டும் பெரிதாகியிருந்தது. உள்ளே நொய்யரிசி இப்போது சிதறிக் கிடக்கவில்லை. மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை. வளைந்து, எதிரெதிராக. அந்த இரண்டு வரிசை மட்டும் கலங்கியிருந்தது, அசைந்துகொண்டே இருந்ததைப் படம் பிடித்தால் கலங்குமே, அப்படி.

"ஆச்சரியமா இருக்கே. இந்த இடம் மட்டும் எப்படி?" என்று டாக்டரம்மா தனக்குள் முணுமுணுத்தார்.

பேனாவைப் பிடுங்கி, மேஜையிலிருந்த சீட்டின் பின்பக்கம் எழுதினாள்: எடுத்துவிடுங்கள். இப்போதே. உதடு போனால் போகட்டும்.

எழுதும்போது அழுகை வந்தது. பதினோரு வருஷம். ப, ம, வ. இனி ஒரு புத்தகமும் அவளிடம் வராது. போகட்டும். மிச்சமிருக்கிற கொழகொழத்த பேச்சாவது தன்னுடையதாக இருந்தால் போதும்.

டாக்டரம்மா அவள் கண்ணைத் துடைக்கக் காகிதம் கொடுத்தார். சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வாங்கினார். நாற்காலி பின்னால் சாய்ந்தது. விளக்கு எரிந்தது. கணவர் வெளியே போய் உட்கார்ந்தார்.

"ஊசி போடறப்ப சுருக்குன்னு இருக்கும். அப்புறம் பத்து நிமிஷத்துல பாதி முகம் மரத்துடும். இடையில மனசு மாறினா வெக்கப்படாதீங்க, வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, நிறுத்திடுவேன். சீட்டுல கையெழுத்து இருந்தாலும் வாய்வார்த்தைதான் எனக்குப் பெருசு."

ஊசி இறங்கியது. கசப்பு நாக்கில் பரவியது. பிறகு குளிர்ச்சி. உதடு தடித்தது. கன்னம் தடித்தது. நாக்கு ஈரத் துணி மாதிரி கனத்து, அடிவாயில் கிடந்தது. வாய் தானாகத் திறந்துகொண்டது. ஓரத்தில் எச்சில் வழிந்தது. அவளுக்கு நிம்மதியாக இருந்தது. மூன்று வாரத்தில் முதல் தடவையாக, உள்ளே எந்த அசைவும் இல்லை. அதுவும் மரத்துப்போயிருக்கும்.

டாக்டரம்மா முதுகைக் காட்டிக்கொண்டு தட்டில் கருவிகளை அடுக்கினார். எஃகின் மேல் எஃகு. கிணுங். கிணுங்.

"மரத்துப்போச்சா?" என்று திரும்பாமலே கேட்டார்.

"டாக்டர், எனக்கு மனசு மாறிடுச்சு. வேண்டாம்."

கருவிகளின் சத்தம் நின்றது.

அவள் பேசவில்லை. அவள் நாக்கு அசையவில்லை.

"பயந்துட்டேன், அவ்வளவுதான். வலி இல்லாத பல்லு, இருந்துட்டுப் போகட்டும். உங்களுக்குச் சிரமம் குடுத்துட்டேன், மன்னிச்சிடுங்க."

என்ன குரல்! தெளிந்த, இதமான, நாற்பத்து மூன்று புத்தகம் படித்த குரல். அவள் கத்தப் பார்த்தாள். தொண்டையிலிருந்து ஒரு 'ங்' மட்டும் வந்து எச்சிலில் கரைந்தது. கையை நீட்டி டாக்டரம்மாவின் அங்கியைப் பிடித்தாள்.

"ஐயோ, இதுக்கு எதுக்குங்க அழறீங்க?" டாக்டரம்மா திரும்பி அவள் தோளைத் தட்டினார். "நிறைய பேர் எழுந்து ஓடியே போயிருக்காங்க. உங்க விருப்பம்தான். ஊசிதான் சரியா ஏறலை போல, இவ்வளவு தெளிவா பேசறீங்களே!"

"என்னங்க" என்று அந்தக் குரல், டாக்டரம்மா கருவிகள் பக்கம் திரும்பியதும், வாசல் பக்கம் கூப்பிட்டது. "உள்ள வாங்க. என் கையைப் பிடிச்சுக்கங்க."

அவர் ஓடி வந்தார். அங்கியிலிருந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்து, இரண்டு கையையும் தன் கைகளுக்குள் வைத்து அழுத்திக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. "நான்தான் அன்னிக்கே சொன்னேனே" என்றார். "நான் இருக்கேன். எங்கயும் போகமாட்டேன்."

கையை உருவப் பார்த்தாள். நடுங்குகிறாள் என்று அவர் இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

டாக்டரம்மா மேஜைக்குப் போய் உட்கார்ந்து எழுதத் தொடங்கினார்: நோயாளி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

தலைக்கு மேலே விளக்கின் நடுவில் பளபளவென்று ஒரு வட்டத் தகடு இருந்தது. அதில் அவள் முகம் தெரிந்தது. ஒரு பக்கம் தொங்கிப்போன முகம். திறந்த வாய். அசையாத நாக்கு. கடைசிப் பல்லுக்குப் பின்னால் ஈறு நீளவாக்கில் பிளந்திருந்தது. மேலே ஒன்று, கீழே ஒன்று, மெல்லிய இரண்டு இதழ், இளஞ்சிவப்பாக. நடுவில் அரிசி அரிசியாக வெள்ளை.

அது மூடியது. திறந்தது.

"வீட்டுக்குப் போலாங்க" என்றது. "நிறைய படிக்கணும்."